புதுச்சேரியின் பழைய வீடுகளைக் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீட்டில், மார்க்கெட்டில், கோயில் வாசலில் பார்க்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "வீடு ஒழுகுது, இடிச்சுட்டுக் கட்டலாமா?" தமிழர் பகுதியில், மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் இருக்கிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டதை அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிச் சொல்லி, இப்போது கேள்விகளே ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

புதுச்சேரியின் பாரம்பரியம் என்றால் ஒயிட் டவுன்தானே? வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் காக்க என்ன இருக்கிறது?

எனக்கு மனம் வலிக்கிற கேள்வி இது. அதனால் முதலில் இதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஊரின் வரைபடம் முட்டை வடிவம். சுற்றிலும் பூல்வார் என்கிற சுற்றுச்சாலை: கிழக்கே கடற்கரைச் சாலை, தெற்கே சுப்பையா சாலை, மேற்கே அண்ணா சாலை, வடக்கே சர்தார் பட்டேல் சாலை. நடுவே வடக்கு தெற்காகப் பெரிய வாய்க்கால். வாய்க்காலுக்குக் கிழக்கே இருப்பது பிரெஞ்சுக்காரர் குடியிருந்த ஒயிட் டவுன். மேற்கே இருப்பது தமிழர் பகுதி, அதாவது நாம். பரப்பிலும் மேற்குதான் பெரியது. வடக்கில் இந்துக்களின் தெருக்கள், சம்பா கோயில் என்கிற மாதா தேவாலயத்தைச் சுற்றிக் கிறிஸ்தவர்களின் தெருக்கள், தெற்கே காஜியார் வீதி, முல்லா வீதி என்று முஸ்லிம்களின் தெருக்கள். மூன்று பகுதிகளிலும் வீட்டு அமைப்பு ஒன்றுக்கொன்று உறவாகவே இருக்கும்.

பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை 1730களில் கட்டிய வீடு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. கீழே தமிழ் முற்றம், மரத்தூண். மேலே பிரெஞ்சுப் பாணித் தூண்வரிசை. 1908இல் புதுச்சேரிக்கு வந்து பத்தாண்டு இங்கே வாழ்ந்த பாரதி குடியிருந்த வீடு ஈசுவரன் தருமராஜா கோயில் வீதியில் இருக்கிறது. பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் தெருவில். சுற்றுலா வருகிறவர்கள் மஞ்சள் சுவருக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதனால் ஒயிட் டவுனில் ஒரு கட்டடம் விழுந்தால் செய்தி ஆகிறது. கோமுட்டித் தெருவிலோ செட்டித் தெருவிலோ ஒரு வீடு போனால் அந்தத் தெருக்காரர்களுக்கு மட்டுமே தெரிகிறது.

இந்த வீடுகள் எவ்வளவு பழையவை? பிரெஞ்சுக்காரர் வந்த காலத்திலிருந்தே இருக்கின்றனவா?

இல்லை. பிரான்சுவா மர்த்தேன் இங்கே குடியேற்றத்தைத் தொடங்கியது 1674இல். தெருக்கள் நேர்கோட்டில் வெட்டிக்கொள்வதற்கு, 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர் வரைந்த திட்டம் காரணம். 1761இல் ஆங்கிலேயர் இங்கிருந்த பிரெஞ்சுக் கோட்டையையும் வெள்ளைக்காரர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். 1763 உடன்படிக்கைக்குப் பிறகு ஊர் திரும்பக் கிடைத்து, பழைய தெருக்கோடுகளின் மேலேயே மறுபடி கட்டினார்கள். ஆகவே நீங்கள் இன்று பார்க்கிறவற்றில் பெரும்பாலானவை பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டவை. உங்கள் வீட்டுக்கு வயது நூறுதான் என்றாலும் அது நிற்கிற கோடு முந்நூறு வருடத்துக்கு மேற்பட்டது.

எங்கள் வீடு பாரம்பரிய வீடா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கிறது.

தெருவில் நின்று பாருங்கள். வாசலின் இருபுறமும் திண்ணை. திண்ணைக்கு முன்னால் மரக்கால்களின் மேல் ஓடு வேய்ந்த தாழ்வாரம். தாழ்வாரம் வீட்டுக்காரருக்காகப் போட்டதில்லை. வெயிலிலும் மழையிலும் தெருவில் போகிற யாரும் ஒதுங்கி நிற்பதற்காகப் போட்டது. உள்ளே நுழைந்தால் ரேழி, பிறகு வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் மரத்தூண். பக்கத்து வீட்டோடு சுவர் பொதுவாக இருக்கும்.

மாடி இருந்தால் அண்ணாந்து பாருங்கள். கீழ்த்தளம் முழுக்கத் தமிழாகவும், மேல்தளம் வளைவு ஜன்னல், சுவரோடு ஒட்டிய அரைத்தூண், குட்டைத் தூண்கள் வரிசையிட்ட கைப்பிடி என்று பிரெஞ்சாகவும் இருந்தால், உங்கள் வீடு இந்த ஊரைத் தவிர வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாத வகை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீடுகள் இதற்கு நேர்மாறு. தெருவுக்குக் காட்டுவது உயர்ந்த மதிலும் பெரிய கதவும் மட்டும்தான். தோட்டமும் தூண்முகப்பும் உள்ளே ஒளிந்திருக்கும்.

"சாதாரணமாக இருக்கிறது" என்று நீங்கள் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. தனியாகப் பார்த்தால் ஒரு திண்ணை வீடு சாதாரணம்தான். பதினைந்து வீடு வரிசையாக, ஒரே உயரத்தில், தாழ்வாரத்தோடு தாழ்வாரம் தொட்டு நிற்கும்போதுதான் அது தெரு ஆகிறது. நடுவில் ஒன்றை உருவிவிட்டு நாலு மாடிப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டால் மீதிப் பதினான்கும் மதிப்பிழந்து போகின்றன.

எத்தனை வீடுகள் மிஞ்சியிருக்கின்றன?

1990களில், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு பூல்வாருக்குள் எடுத்த கணக்கில் சுமார் 1,800 பாரம்பரியக் கட்டடங்கள் இருந்தன. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கில் இடிந்துவிட்டன. இடிந்தவற்றில் பெரும்பங்கு தமிழர் பகுதியில். என் பள்ளிக்காலத்தில் வீட்டிலிருந்து காந்தி வீதி வரைக்கும் மழையில் நனையாமல் தாழ்வாரத்தடியிலேயே போய்விடலாம். இன்று அப்படி நடந்தால் நாலு வீட்டுக்கு ஒருமுறை நனைய வேண்டும்.

மேரி கட்டடம் ஏன் விழுந்தது? அரசாங்கக் கட்டடத்தையே காப்பாற்ற முடியாதபோது எங்களால் முடியுமா?

கடற்கரைச் சாலையில் 1870களின் தொடக்கத்திலிருந்து நகரசபையாக நின்ற மேரி, 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்தது. சீரமைக்க வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருந்தது. பேச்சு முடிவதற்குள் மழை வந்துவிட்டது. பிறகு உலக வங்கிக் கடனில், கடலோரப் பேரிடர்த் தடுப்புத் திட்டத்தின் கீழ், பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள்.

புதிய மேரி அழகாக இருக்கிறது. அதைக் கட்டியது சரியென்றே நினைக்கிறேன். கடற்கரையில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்த ஆண்டுகளில் ஊருக்கு முன்பல் விழுந்தது போல இருந்தது. ஆனால் பழைய மேரி அதுவல்ல. அந்தச் செங்கல், அந்த உத்திரம், அந்தப் படிக்கட்டின் தேய்மானம் எல்லாம் போய்விட்டன. மறுபடி கட்டியதற்கு ஆன பணத்தில் சிறு பகுதியை மொட்டைமாடிக்கும் மழைநீர்க் குழாய்க்கும் உரிய நேரத்தில் செலவிட்டிருந்தால் அது இன்றும் நின்றிருக்கும் என்பது என் கருத்து.

உங்களால் முடியுமா என்றால், முடியும். உங்கள் வீட்டு மாடிக்கு நீங்கள் ஏறிப் பார்ப்பதற்குக் கோப்பு எதுவும் நகர வேண்டியதில்லை.

மாடி ஒழுகுகிறது. மெட்ராஸ் டெரஸை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டுவிடலாமா? அல்லது மேலே சிமெண்ட் பூசினால் போதுமா?

இரண்டுமே வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகள் சாவது பெரும்பாலும் இந்த ஒரு முடிவால்தான்.

மெட்ராஸ் டெரஸ் என்பது இது. சுவரிலிருந்து சுவருக்குத் தேக்கு உத்திரம். உத்திரத்தின் மேல் நெருக்க நெருக்கமாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் விரல் கனமே உள்ள சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புக் கலவையால் ஒட்டி அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்கள். தட்டத் தட்ட அது இறுகும். கடைசியில் தட்டோடு எனப்படும் தட்டையான ஓட்டைப் பதித்து இடுக்கை மெழுகுவார்கள். இப்படிச் செய்த மாடி கொஞ்சம் வளையும், கொஞ்சம் மூச்சுவிடும். மழையில் ஈரம் ஏறினாலும் வெயிலில் காய்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் ஒழுக்கு வந்தபோது அப்பா ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டார். அவர் தட்டோட்டின் மேலேயே இரண்டு அங்குலத்துக்குச் சிமெண்ட் போட்டுக் கொடுத்தார். மூன்று வருடம் ஒழுகவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். நாலாவது ஐப்பசியில் ஒரு ராத்திரி கூடத்தின் மேற்கூரையிலிருந்து கட்டில் அகலத்துக்குத் தளம் பெயர்ந்து விழுந்தது. அம்மா அன்றைக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். இல்லாவிட்டால் அந்த இடத்தில்தான் பாய் விரித்திருப்பார். மறுநாள் ஏறிப் பார்த்தோம். சுவருக்குள் புதைந்திருந்த உத்திர நுனியை விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. மேலே சிமெண்ட் மூடியிருந்ததால் உள்ளே போன தண்ணீர் காய வழியில்லாமல் வருடக்கணக்கில் மரத்திலேயே தங்கியிருக்கிறது. கூடவே சிமெண்டின் பாரம் வேறு.

செய்ய வேண்டியது என்ன? முதலில், மாடியிலிருந்து மழைநீர் வடிகிற தூம்பைப் பாருங்கள். பாதி ஒழுக்கு, தூம்பில் அடைத்த இலையாலும் கைப்பிடிச் சுவரின் அடி விரிசலாலும்தான் வருகிறது. அரசங்கன்று, ஆலங்கன்று எங்கே தலைகாட்டினாலும் வேர் சுவருக்குள் போவதற்கு முன் எடுத்துவிடுங்கள். பிறகு தட்டோட்டின் இடுக்குகளைச் சுரண்டிச் சுண்ணாம்புக் கலவையால் மறுபடி மெழுகுங்கள். உத்திர நுனி போயிருந்தால் முழு மாடியையும் எடுக்க வேண்டியதில்லை. முட்டு கொடுத்து நிறுத்தி, கெட்ட பகுதியை மட்டும் வெட்டி, நல்ல மரத்தைச் சேர்த்து இணைக்கலாம். அல்லது சுவரோரம் தாங்கு கட்டை கொடுக்கலாம். இதை ஒரு கட்டடப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பொறியாளர் பழைய கட்டட வேலை செய்தவரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கான்கிரீட் மட்டும் பழகியவர் எதைப் பார்த்தாலும் "இடிங்க" என்றே சொல்வார்.

சுவரில் அடியில் ஓதம் ஏறுகிறது. உப்புப் பூத்துப் பூச்சு கொட்டுகிறது. சிமெண்ட் பூசியும் நிற்கவில்லையே?

சிமெண்ட் பூசியதால்தான் நிற்கவில்லை. நம் ஊர்ச் செங்கல் மென்மையானது. மண்ணிலிருந்து ஈரம் அதில் ஏறும், கடல்காற்றின் உப்பும் சேரும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பைத் தானே வாங்கிக்கொண்டு, சில வருடத்தில் தானே உதிர்ந்துவிடும். உதிர்ந்ததை மட்டும் மறுபடி பூசினால் போதும், செங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது. சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு செங்கல்லுக்குள்ளேயே பூக்கும், செங்கல் பொடியாகும். சிமெண்ட் ஓடு போல நிற்க, உள்ளே சுவர் கரைந்துகொண்டிருக்கும்.

சிமெண்டை மெதுவாகத் தட்டி எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பு பூசுங்கள். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்காமல் வெள்ளை அடியுங்கள். வீட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டிச் சிமெண்ட் தரை போட்டிருந்தால் அதையும் ஒரு முழம் விட்டு வெட்டி எடுங்கள். மண் மூச்சு விடட்டும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், குறைவாக. வயதானவர்கள் அதிகம். இன்டாக் புதுச்சேரிக் கிளையில் கேட்டால் வழிகாட்டுவார்கள்; 1980களிலிருந்து இங்கே இதே வேலையாக இருக்கிறார்கள். ஒயிட் டவுனில் சீரமைப்பு நடக்கிற இடத்தில் போய் நின்று, கொத்தனாரிடமே பேசினாலும் பலன் கிடைக்கும். நல்ல கைக்காரரை எப்படி அறிவது? சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பீர்கள் என்று கேளுங்கள். சுட்ட சுண்ணாம்பை நீற்றி, தொட்டியில் தண்ணீரோடு வாரக்கணக்கில் புளிக்கவிட்டு, மணலோடு அரைத்துத்தான் பூச வேண்டும். "சாயங்காலம் கலந்து காலையில பூசிடலாம்" என்று சொல்கிறவரை அனுப்பிவிடுங்கள். "கொஞ்சம் சிமெண்ட் சேர்த்தா சீக்கிரம் பிடிக்கும்" என்று சொல்கிறவரையும்.

முடிந்தால் வேலை நடக்கும்போது இளைஞர் ஒருவரைக் கூடவே நிறுத்தச் சொல்லுங்கள், கூலியை நீங்கள் கொடுங்கள். எங்கள் தெருவில் அப்படி நின்ற பையன் இன்று தனியாக வேலை எடுத்துச் செய்கிறான்.

வீடு அப்பா பெயரில். நாங்கள் ஆறு பேர், மூன்று பேர் பிரான்சில். யாரும் கையெழுத்துப் போட வருவதில்லை. பூட்டிக் கிடக்கிறது. என்ன செய்வது?

இந்த ஊரின் தனிச் சிக்கல் இதுதான். என் கணிப்பில் மழையைவிடப் பூட்டுதான் அதிக வீடுகளைச் சாப்பிட்டது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைப்பு முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த தமிழ்க் குடும்பங்கள் பல. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த சொல்தாக்களின் பிள்ளைகள் பாரிசில் நிலைத்துவிட்டார்கள். இப்போது பேரப்பிள்ளைகளுக்குத் தெருப்பெயரே நினைவில்லை, ஆனால் பங்கு இருக்கிறது. 1881இல் சொந்த ஆசாரச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பம் என்றால் வாரிசு முறையே வேறு மாதிரிப் போகும். பத்திரமும் பிரெஞ்சில் இருக்கும். இரண்டு சட்டமும் தெரிந்த உள்ளூர் வழக்கறிஞர் இல்லாமல் ஒரு அடியும் எடுக்காதீர்கள்.

பாகப்பிரிவினை முடியும்வரை வீட்டைச் சாகவிட வேண்டியதில்லை. நான் சொல்வது இதுதான்: சொத்துப் பேச்சையும் பராமரிப்புப் பேச்சையும் தனித்தனியாக வையுங்கள். "யாருக்கு எவ்வளவு" என்பதைப் பேசாமல், "மழைக்கு முன் மாடியைச் சுத்தம் செய்ய ஆளுக்கு இவ்வளவு" என்பதற்கு மட்டும் எல்லோரிடமும் சம்மதம் கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் பராமரிப்புக்கு மட்டும் என்று அதிகாரப் பத்திரம் எழுதித் தரலாம். அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளித்து அனுப்பினால், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். விற்கும் அதிகாரம் அதில் இல்லை என்று தெளிவாக எழுதினால் பயந்தவர்களும் கையெழுத்துப் போடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பதினோரு வருடப் பிணக்கு இப்படித்தான் இளகியது. மாடியைச் சரிசெய்த படத்தை வாட்ஸப்பில் பார்த்ததும் பாரிசிலிருந்து பெரியம்மா மகன் தானே போன் செய்தார்.

ஆளில்லாத வீட்டில் ஒருவரைக் குடிவையுங்கள். வாடகை முக்கியமில்லை. ஜன்னலைத் திறந்து மூடவும், ஒழுகினால் சொல்லவும் ஒரு ஆள் வேண்டும். கரையான் முதலில் வருவது இருட்டான வீட்டுக்குத்தான்.

வைசியாள் வீதியில் என்ன செய்தார்கள்? அதைப் போல எங்கள் தெருவிலும் செய்ய முடியுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா உர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நேவ்-சுர்-லோ ஆகிய ஊர்களோடு புதுச்சேரி சேர்ந்து, 2002 முதல் 2004 வரை நடந்த வேலை அது. தனிக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளாமல் தெருவையே எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ இருபது வீடுகளின் முகப்புகளைச் சரிசெய்தார்கள். உடைந்துபோன தாழ்வாரங்களை மறுபடி நிறுத்தினார்கள், மூடிய திண்ணைகளைத் திறந்தார்கள். செலவில் ஒரு பங்கைத் திட்டமும் ஒரு பங்கை வீட்டுக்காரர்களும் போட்டார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் அந்தத் தெருவுக்குப் பாராட்டு கிடைத்தது.

அதில் எனக்குப் பிடித்தது விருதில்லை. வீட்டுக்காரர்கள் தம் பணத்தையும் போட்டதால் அது தம் வேலை என்று பார்த்துக்கொண்டார்கள். குறையும் உண்டு: முகப்பு சரியானது, உள்ளே ஒழுகிய மாடி பல வீடுகளில் அப்படியே இருந்தது. உங்கள் தெருவில் தொடங்கினால் நான் மாடியிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஐந்து வீடுகள் சேர்ந்தால்கூடப் போதும். ஒரே சாரம், ஒரே சுண்ணாம்புத் தொட்டி, ஒரே கொத்தனார் குழு என்று பகிர்ந்துகொள்ளலாம். பொதுச்சுவர் இருக்கிற வீடுகளுக்கு வேறு வழியும் இல்லை. பக்கத்து வீட்டு மாடி ஒழுகினால் உங்கள் சுவர்தான் நனைகிறது.

இடிக்கவோ மாற்றவோ அனுமதி வேண்டுமா?

வேண்டும். பூல்வாருக்குள் கட்டட அனுமதியை நகர அமைப்புக் குழுமம் தருகிறது. பாரம்பரியக் கட்டடம் என்றால் பாரம்பரியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவின் கருத்தும் தேவை. கட்டடங்களைத் தரம் பிரித்திருக்கிறார்கள். உயர்ந்த தரத்தில் இருந்தால் முகப்பையோ உள்ளமைப்பையோ தொடுவதற்குக் கட்டுப்பாடு அதிகம், கீழ்த் தரத்தில் உள்ளே மாற்றிக்கொள்ள இடம் உண்டு. உங்கள் வீடு பட்டியலில் இருக்கிறதா என்பதைக் குழுமத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓடு மாற்றுவது, வெள்ளை அடிப்பது போன்ற பராமரிப்புக்கு யாரும் தடை சொல்வதில்லை.

பட்டியலில் சேர்ந்தால் விற்க முடியாமல் போய்விடும் என்கிறார்களே?

விற்கலாம், வாடகைக்கு விடலாம், உயில் எழுதலாம். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதற்கென்று வருகிற ஒரு வகை வாங்குபவரை மட்டும் இழப்பீர்கள். அந்த இழப்பு நிஜமானது; அதை மறைக்க மாட்டேன். ஒரு குடும்பம் ஊருக்காக அந்த இழப்பைச் சுமக்கும்போது வரிச்சலுகை, பராமரிப்பு மானியம் என்று ஊர் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. பட்டியல் போட்டுவிட்டுக் கையை விரிப்பது நியாயமில்லை.

பழைய வீட்டை விடுதியாகவோ காபிக் கடையாகவோ மாற்றுவது நல்லதா கெட்டதா?

இரண்டையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெருமாள் கோயில் தெருவில் ஒரு பெரிய தமிழ் வீடு விடுதியாகி, முற்றமும் தூணும் கெடாமல் நிற்கிறது. அப்படி ஒருவர் வராவிட்டால் பல வீடுகள் இன்று காலிமனையாகக் கிடக்கும். அதை நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆனால் தெருவில் எல்லா வீடும் விடுதியாகிவிட்டால் காலையில் கோலம் போட ஆள் இருக்காது. பால்காரர் வரமாட்டார், தையல்காரர் கடையைக் காலி செய்வார். ஒயிட் டவுனின் சில தெருக்களில் இது நடந்துவிட்டது. சனி ஞாயிறில் கார் நகர இடமில்லை, செவ்வாய்க்கிழமை பகலில் ஒரு குழந்தையின் குரலும் கேட்பதில்லை. தமிழர் பகுதிக்கு அது வரக்கூடாது. வீட்டின் முன்பகுதியை மட்டும் வாடகைக்கு விட்டுப் பின்பகுதியில் குடும்பம் இருப்பது நல்ல நடுவழி. இரண்டு முற்றம் உள்ள வீடுகளுக்கு இது இயல்பாகவே பொருந்தும். அந்தக் காலத்திலும் முன்கட்டில் வியாபாரம், பின்கட்டில் குடும்பம் என்றுதானே இருந்தோம்.

குளியலறை, ஏசி, கார் நிறுத்த இடம்? இந்தக் காலத்தில் இவை இல்லாமல் யார் குடியிருப்பார்கள்?

குளியலறை கட்டாயம் வேண்டும். வயதானவர்களைக் கொல்லைப்புறம் வரைக்கும் நடக்கவைத்துப் பாரம்பரியம் காக்க வேண்டியதில்லை. தேக்குக் கட்டைத் தளத்தின் மேல் மட்டும் தண்ணீர் புழங்கும் அறை வைக்காதீர்கள். கீழ்த்தளத்தில், குழாய் வெளியில் தெரிகிற மாதிரி வையுங்கள். கசிந்தால் உடனே கண்ணில் படும். ஏசிக்கு ஒரு அறையைத் தேர்ந்தெடுத்து, வெளிப்பெட்டியை மாடியில் வையுங்கள், தெரு முகப்பில் வேண்டாம். கார்தான் கஷ்டம். திண்ணையை இடித்துக் கார் ஏற்றுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பூல்வாரை ஒட்டிப் பொது நிறுத்துமிடங்கள் வந்தால் தவிர இதற்கு வீட்டுக்குள் தீர்வு கிடையாது. அதை நாம் சேர்ந்துதான் கேட்க வேண்டும்.

பெரிய மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டினால் ஊர் முன்னேறாதா?

மார்க்கெட் அழுக்காக இருக்கிறது, வடிகால் மோசம், மின்கம்பி தொங்குகிறது. எல்லாம் உண்மை. மீன்காரப் பெண்களும் பூக்கடைக்காரர்களும் இடிப்பை எதிர்த்து நின்றபோது, அவர்களும் இதையெல்லாம் மறுக்கவில்லை. அவர்கள் கேட்டது, திரும்பி வரும்போது எங்களுக்கு இடம் இருக்குமா என்பதை. ஒரு மார்க்கெட்டின் பாரம்பரியம் அதன் மணிக்கூண்டில் மட்டும் இல்லை. யார் எங்கே உட்கார்ந்து விற்கிறார்கள், எந்தச் சந்து வழியே கூடை வருகிறது என்பதிலும் இருக்கிறது. பகுதி பகுதியாக, வியாபாரம் நிற்காமல், வடிகாலையும் கூரையையும் முதலில் எடுத்துச் சரிசெய்யலாம் என்று நம்புகிறேன்.

எந்த வண்ணம் அடிப்பது? மஞ்சளா?

எல்லோரும் மஞ்சள் அடிக்க வேண்டியதில்லை. பழைய பூச்சை ஒரு ஓரத்தில் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் உங்கள் வீட்டின் வண்ணம் இருக்கும். எங்கள் வீட்டில் வெளிர்நீலம் கிடைத்தது. பாட்டி சொன்னதை அதுவரை யாரும் நம்பவில்லை.

மழைக்காலத்துக்கு முன் கட்டாயம் செய்ய வேண்டியது எது?

புரட்டாசி முடிவதற்குள் மாடியையும் தூம்பையும் சுத்தம் செய்வது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் தாழ்வார ஓடுகளைத் தூக்கி எறிந்தது. 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் வந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த இரவு நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாடிக்கு ஏறி, தூம்பின் வாயில் கையை விட்டு இலை எடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு வீட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

திண்ணையில் கண்டவர்கள் வந்து உட்காருகிறார்கள், ராத்திரியில் குடிக்கிறார்கள். கம்பிக்கதவு போட்டு மூடிவிட்டோம். தவறா?

பயம் நியாயமானது. பெண்கள் தனியாக இருக்கிற வீட்டில் "திறந்து வையுங்கள்" என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நிரந்தரமாகச் சுவருக்குள் பதித்த கம்பி வேண்டாம். தூணையும் திண்ணை விளிம்பையும் அது உடைக்கிறது. மடக்குகிற மரத்தட்டி அல்லது கழற்றுகிற கம்பித்தட்டி போடுங்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் மூடி, காலையில் திறந்துவிடுங்கள். தாழ்வாரத்தில் ஒரு விளக்கு எரியட்டும். வெளிச்சத்தில் யாரும் குடிக்க உட்காருவதில்லை. எங்கள் தெருவில் ஆறு வீடுகள் இப்படி மாற்றியிருக்கிறோம். பகலில் பூக்கட்டுகிற அம்மா எங்கள் திண்ணையில்தான் உட்காருகிறார். வெளியூர் போனால் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவோம்.

தட்டி செய்து தருகிற தச்சர் யார் என்று வேண்டுமானால், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து திண்ணையில் கேளுங்கள்.